ஊசி போட்ட இடம்

முப்பத்தோரு வருஷம் மருந்துக் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதுருதீன். அவருடைய லேபில் ஒரு மாத்திரை சோதனையில் தோற்றுவிட்டால் தோற்றதுதான். பாஸாகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் சோதித்து, கடைசியில் பாஸான தாளை மட்டும் ஃபைலில் வைக்கிற ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. அப்படிச் செய்த ஒரு சூப்பர்வைசரை, ஆள் எவ்வளவு கெஞ்சியும் கேட்காமல், வீட்டுக்கு அனுப்பியவர்.

அந்த மனுஷன்தான் இன்றைக்குத் தன் மனைவியை இரண்டாவது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்.

முதல் டாக்டர் சமாச்சாரம் போன வாரம் நடந்தது. இங்கே நியூ ஜெர்ஸியில் இருபது வருஷமாகக் குடும்பத்தைப் பார்த்து வருகிற வெள்ளைக்கார டாக்டர். ஹஜ் பயணத்துக்கான உடல்தகுதிப் படிவத்தில் பதுருதீனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார். மனைவி ஜுலைகாவின் படிவத்தை மட்டும் மேசையிலேயே வைத்துக்கொண்டார். அவளிடம் மூன்று வார்த்தைகளைச் சொல்லி, ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒன்றுகூட வரவில்லை. 'நினைவாற்றலைப் பாதிக்கும் நோய் எதுவும் இல்லை' என்ற வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டி, மன்னிக்க வேண்டும் என்றார்.

இது மகள் நிலோஃபருக்குத் தெரியாது. 'கையெழுத்து ஆயிடுச்சும்மா' என்று போனில் சொல்லிவிட்டார் பதுருதீன். ஒரு பொய் சொன்னாயிற்று. இனி அதை உண்மையாக்க வேண்டும், அவ்வளவுதான். நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குள் இரண்டு பேருடைய படிவமும் ஹஜ் குரூப்புக்குப் போய்ச் சேர வேண்டும்.

காலை எட்டு மணிக்கு ஜுலைகா கட்டிலில் உட்கார்ந்து, இடது தோளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இது என்ன கையில?"

"ஊசி போட்ட இடம். உன் மக போட்டது."

"எதுக்கு ஊசி?"

"ஹஜ்ஜுக்குப் போறோம்ல. மூளைக்காய்ச்சல் ஊசி. அது போட்டாத்தான் அங்க உள்ளயே விடுவாங்க."

"நெசமாவா?" ஜுலைகாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நம்மளா? ரெண்டு பேருமா?"

ஊசி போட்டு இன்றோடு பதினோரு நாள். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நிலோஃபர் வேலை பார்க்கிற ஃபார்மஸியில், மகள் கையாலேயே இருவரும் போட்டுக்கொண்டார்கள். போட்ட இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்திரி. மறுநாள் காலையில் அதைப் பார்த்துத்தான் ஜுலைகாவுக்கு ஹஜ் ஞாபகம் வந்தது. அதற்கும் மறுநாள் குளிக்கும்போது பிளாஸ்திரி விழுந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க அவள் ஹஜ்ஜைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எதிர்வீட்டுக் கார் நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் தினமும் விடிகாலைத் தொழுகைக்கு முன்னால், அவள் தூக்கத்தில் இருக்கும்போதே, பதுருதீன் புதுப் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டிவிடுகிறார். ஊசி போட்ட புள்ளி எப்போதோ ஆறிப்போயிற்று. பிளாஸ்திரி மட்டும் ஆறவில்லை. இதுவரை ஒன்பது காலை 'நெசமாவா?' கேட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் அவருக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, சங்கடமாகவும் இருக்கிறது.

"அப்ப எல்லார்கிட்டயும் பொருத்தம் கேக்கணுமேங்க," என்று அவசரமாகப் போனை எடுத்தாள் ஜுலைகா.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் சொந்தபந்தம் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது வழக்கம். தெரிந்தும் தெரியாமலும் செய்த குறையைப் பொருந்திக்கொள்ளச் சொல்வார்கள். கூத்தாநல்லூரில் இருக்கிற அவளுக்கு அக்கா முறையாகும் பெரியம்மா மகள் மரியம் பீவியின் நம்பர் மட்டும் ஜுலைகாவின் விரலுக்கு மறக்கவில்லை.

"லாத்தா, நான் ஜுலைகா பேசுறேன். அமெரிக்காலேர்ந்து. நாங்க ஹஜ்ஜுக்குப் போறோம் லாத்தா. சின்ன வயசுல உங்க பச்சைத் தாவணியைக் கேக்காம எடுத்துக் கட்டிக் கிழிச்சுட்டேன். நீங்க பொருந்திக்கிடணும்."

ஜுலைகா ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தாள்.

"பொருந்திக்கிட்டேன்டி ராஜாத்தி," என்றது மரியம் லாத்தாவின் குரல். "நேத்தும் பொருந்திக்கிட்டேன். முந்தாநாளும் பொருந்திக்கிட்டேன். அந்தத் தாவணி எனக்குப் புடிக்கவே புடிக்காதுடி."

ஜுலைகா சிரித்தாள். பதுருதீன் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

திரும்பி வந்ததும் பாடத்தை ஆரம்பித்தார்.

"இது என்ன மாசம்?"

"மே."

"எந்த ஸ்டேட்ல இருக்கோம்?"

"நியூ ஜெர்ஸி."

"மூணு வார்த்தை?"

"ஆப்பிள், டேபிள், பென்னி."

நாலு நாளாக, சோறு பரிமாறும்போது, துணி மடிக்கும்போது, தொழுது எழுந்ததும் என்று நூறு தடவையாவது சொல்லவைத்திருப்பார். மருந்துக் கம்பெனிக்காரருக்குப் பரீட்சைத் தாள் முன்கூட்டியே கையில் கிடைத்த மாதிரி. முதல் டாக்டர் கேட்ட அதே மூன்று வார்த்தைகள்.

"சபாஷ்," என்றார். அவருக்குத் தன் குரலே பிடிக்கவில்லை.

புது டாக்டர் ஐசலினில் ஓக் ட்ரீ ரோட்டில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் கிளினிக் வைத்திருந்தார். பெயர் வான்மதி. ஊர் பொள்ளாச்சி. நாற்பத்தைந்து வயதிருக்கும். பதுருதீன் இணையத்தில் அவரைப் பற்றித் துருவித் துருவிப் படித்துவிட்டுத்தான் நேரம் வாங்கியிருந்தார். தமிழ்ப் பெண். பெரியவர்கள் என்றால் ஒரு மரியாதை, ஒரு இரக்கம் இருக்கும். நம்ம ஊர் ஆள், கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுப்பார் என்பது கணக்கு. நம்மில் யார்தான் அந்தக் கணக்கைப் போடாதவர்கள்?

டர்ன்பைக் நெடுஞ்சாலையில் கார் போய்க்கொண்டிருந்தபோது ஜுலைகா தானாகவே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

"ஆப்பிள், டேபிள், பென்னி. ஆப்பிள், டேபிள், பென்னி."

"போதும்மா, கொஞ்சம் ரெஸ்ட் எடு."

"மறந்துட்டா நீங்க திட்டுவீங்க."

"நான் எப்ப திட்டுனேன்?"

ஒருவேளை திட்டியிருக்கலாம். அவருக்கே ஞாபகமில்லை.

டாக்டர் வான்மதி கதவைத் திறந்ததுமே முகம் நிறையச் சிரித்தார்.

"வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி. ஹஜ்ஜுக்கா? ரொம்ப சந்தோஷங்க. உட்காருங்க."

இரத்த அழுத்தம் பார்த்தார். சர்க்கரை ரிப்போர்ட்டைப் புரட்டினார். நடக்கச் சொன்னார். காற்றை இழுத்து விடச் சொன்னார். ஊசி போட்ட சான்றிதழைப் பார்த்து, பயணத்துக்குப் பத்து நாளுக்கு முந்தியே போட்டாச்சு, நல்லதுங்க என்றார். பதுருதீனின் மனசு அவர் படிவத்தில் போட்ட ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு படி ஏறிக்கொண்டே வந்தது.

"அங்க வெயில் நூத்திப் பதினைஞ்சு டிகிரிகூடப் போகும்ங்க ஆன்ட்டி. தண்ணி குடிச்சுட்டே இருக்கோணும். தாகம் எடுக்குதான்னு பார்க்கக் கூடாது, சரிங்களா?"

"சரிம்மா."

"இப்ப என்ன மாசம்ங்க?"

"மே," என்றாள் ஜுலைகா பளிச்சென்று. பதுருதீன் பிடித்திருந்த மூச்சை விட்டார்.

"சூப்பர். நான் ஒரு மூணு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வச்சுக்கோங்க. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன். வாழைப்பழம், சூரியன், நாற்காலி."

தமிழில் கேட்கிறார். வேறு வார்த்தைகளைக் கேட்கிறார். தமிழ் டாக்டர் வேண்டுமென்று தேடிப் பிடித்தவர் பதுருதீனேதான்.

டாக்டர் ஒரு தாளை நீட்டிக் கடிகாரம் வரையச் சொன்னார். ஜுலைகா வட்டம் போட்டாள். பன்னிரண்டு எழுதினாள், ஒன்று எழுதினாள், அதற்கப்புறம் மீதி எல்லா எண்களையும் வலது பக்கமே நெருக்கி நெருக்கி எழுதி முடித்தாள். இடது பாதி வெறுமையாக இருந்தது. டாக்டர் தாளை வாங்கிக் குப்புற வைத்தார்.

"ஆன்ட்டி, நான் சொன்ன மூணு வார்த்தை?"

ஜுலைகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கணவரை ஒரு தரம் பெருமையாகப் பார்த்தாள்.

"ஆப்பிள், டேபிள், பென்னி."

டாக்டர் ஜுலைகாவைப் பார்க்கவில்லை. பதுருதீனைப் பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. கோபமாகப் பார்த்திருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும்.

"கரெக்டா சொல்லிட்டேனா?" என்று கேட்டாள் ஜுலைகா.

"நல்லா சொன்னீங்க ஆன்ட்டி," என்றார் டாக்டர் மெதுவாக. "வெளிய நர்ஸ் டீ தருவாங்க. ரெண்டு நிமிஷம் உட்கார்ந்திருங்க, அங்கிள் வந்துடுவாங்க."

கதவு மூடியதும் பதுருதீன் முந்திக்கொண்டார்.

"நான்தான் பக்கத்துலயே இருக்கப் போறேன் டாக்டர். ஒரு செகண்ட் கையை விட மாட்டேன். வேணும்னா ரெண்டு பேர் கையிலயும் சேர்த்துக் கயிறு கட்டிக்கிறேன்."

"அங்க டெண்ட்ல தங்கறப்ப, அங்கிள்? ஆம்பளைங்க தனி, பொம்பளைங்க தனிதானுங்களே? ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து வெளிய வந்தாங்கன்னா யாரு பார்ப்பா?"

இந்தக் கேள்வியைப் பதுருதீன் தன்னிடமே கேட்டுக்கொள்ளாமல் ஆறு மாதம் ஓட்டியிருந்தார்.

"இருபது லட்சம் பேருக்கு நடுவுல, ஒரே மாதிரி டெண்ட், ஒரே மாதிரி வெள்ளை டிரஸ். நான் சைன் பண்ணி அனுப்பி அவங்க தொலைஞ்சாங்கன்னா, அது நானே கொண்டுபோய் விட்ட மாதிரிங்க அங்கிள். என்னால முடியாது."

"அவளுக்கு இது ஒண்ணுதான் டாக்டர் ஆசை. வேற எதையும் அவ கேட்டதே இல்ல. நகை கேக்கல, வீடு கேக்கல."

"தெரியுதுங்க."

"அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்துப் பதுருதீன் தானே நிறுத்திக்கொண்டார்.

"அடுத்த வருஷம் இதைவிட அதிகமாத்தான் இருக்கும்ங்க," என்றார் டாக்டர். பிறகு ஒரு நரம்பியல் டாக்டரின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பதுருதீன் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மேசைமேல் ஜுலைகாவின் படிவம் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டார்.

வெளியே ஜுலைகா பேப்பர் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாஸா?" என்றாள்.

"பாஸ்," என்றார் பதுருதீன். அந்த வாயால் முப்பத்தோரு வருஷத்தில் ஒரு பொய் பாஸ் சொன்னதில்லை.

மாலை ஐந்தரைக்கு ஷிஃப்ட் முடிந்து நேராக வீட்டுக்கு வந்தாள் நிலோஃபர். நாலு வயதில் இங்கே வந்தவள். கோபம் வந்தால் ஆங்கிலம், அழுகை வந்தால் தமிழ். கையில் லேப்டாப்.

"அத்தா, ரெண்டு பேர் ஃபிட்னஸ் லெட்டரையும் குடுங்க, அப்லோட் பண்ணிட்டுக் கிளம்புறேன். பசங்களுக்கு சாக்கர் பிராக்டிஸ் இருக்கு."

"அப்புறம் பண்ணிக்கலாம்மா. முதல்ல டீ குடி."

"இன்னிக்கு டாக்டரம்மா எவ்வளவு நல்லாப் பேசுனாங்க தெரியுமா?" என்றாள் ஜுலைகா, டீயை நீட்டிக்கொண்டே. "தமிழ்ப் பொண்ணு."

காலையில் நடந்தது மாலைவரை அவளுக்கு நினைவில் நிற்பது அபூர்வம். நிற்கக்கூடாத நாளில் நின்றுவிட்டது.

நிலோஃபர் கப்பைக் கீழே வைத்தாள். "தமிழ் டாக்டரா? நம்ம டாக்டர் அமெரிக்கன் ஆச்சே. எந்த டாக்டர், அத்தா?"

பதுருதீன் எதையோ தேடுகிறவர்போல மேசை டிராயரைத் திறந்து மூடினார். ஜுலைகா துணி மடிக்க உள்ளே போனதும், சட்டைப்பையிலிருந்த சீட்டையும் படிவத்தையும் எடுத்து மகள் முன்னால் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். ஆப்பிள், டேபிள், பென்னி வரைக்கும்.

"யூ கோச்டு ஹெர்?" நிலோஃபரின் குரல் உடைந்தது. "அம்மாவுக்கே சொல்லிக் குடுத்து வச்சீங்களா? அத்தா, ஐ ஆம் எ ஃபார்மசிஸ்ட். நான் என் கையால ஊசி போட்டேன். டாக்டர் முடியாதுன்னு சொன்ன அன்னிக்காவது என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா நீயும் வேண்டாம்னுதான் சொல்லுவே."

"ஆமா, சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

உள்ளேயிருந்து ஜுலைகா நபியின் மீதான ஸலவாத்தை மெல்ல ஓதுவது கேட்டது. அது மட்டும் ஒரு எழுத்துகூட அவளுக்குத் தப்புவதில்லை.

"எத்தனை தடவை கேட்டிருப்பாங்க அம்மா," என்றாள் நிலோஃபர். இப்போது தமிழில். "கிரீன் கார்டு வரட்டும்னீங்க. அப்புறம் என் காலேஜ். அப்புறம் என் நிக்காஹ். அப்புறம் ரெண்டு டெலிவரிக்கும் அம்மாதான் என்கூட இருந்தாங்க. எல்லாம் என்னாலதானா அத்தா?"

"உன்னால இல்லம்மா. கடமையெல்லாம் முடிச்சுட்டுத்தான் போகணும்னு நம்ம ஆளுங்க சொல்லிச் சொல்லி, நானும் அதையே புடிச்சுக்கிட்டேன். உன்னைக் கட்டிக் கொடுத்த மறு வருஷமே போயிருக்கலாம். ரிடையர் ஆகட்டும், நிம்மதியாப் போலாம்னு இருந்துட்டேன். அவ அப்பவும் சரிங்கன்னுதான் சொன்னா."

நிலோஃபர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் போங்க. உங்க லெட்டர் இருக்கு. ஒரு மாசம் அம்மா என்கூட இருக்கட்டும்."

"அவளை விட்டுட்டா?"

"உங்களுக்கும் கடமைதானே? அறுபத்தேழு வயசு அத்தா. உங்களுக்கு அடுத்த வருஷம் என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

"அவகிட்ட என்ன சொல்லிட்டுப் போறது?"

நிலோஃபர் உள்ளறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்த பேண்ட்-எய்டை எடுத்துடுங்க அத்தா. ஊசி போட்ட இடம் அடுத்த நாளே ஆறியிருக்கும். பதினோரு நாளா அது ஏன் அங்க இருக்குன்னு நான் கேக்கல. எனக்குத் தெரியும். நாளைலேர்ந்து ஒட்டாதீங்க. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. போறோம்ங்கறதே மறந்துட்டா, போகலைங்கற கஷ்டமும் இருக்காதுல்ல?"

சொல்லிவிட்டு அவளே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பதுருதீன் மகளின் தலையில் கை வைத்தார். தப்பென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் இதைவிட இரக்கமான வழி ஒன்றும் தெரியவில்லை. அதுதான் கொடுமை.

அந்தி நேர மஃரிப் தொழுது முடித்து ஜுலைகா பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். பதுருதீன் முழங்கால் வலியோடு அவள் பக்கத்தில் வந்து அமர்ந்தார். அவருடைய லெட்டரை மட்டும் அப்லோட் செய்துவிட்டு நிலோஃபர் போய்விட்டிருந்தாள். நாளைக்கென்ன, பிளாஸ்திரியை இப்போதே எடுத்துவிட்டால் என்ன என்று வந்திருந்தார்.

"ஏங்க," என்றாள் ஜுலைகா. "எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். உங்ககிட்டதான் கேக்கல. இத்தன வருஷத்துல நான் ஏதும் குறை வச்சிருந்தா நீங்க பொருந்திக்கிடணும்."

"நீ என்ன குறை வச்ச? ஒண்ணும் இல்ல."

"அப்படிச் சொல்லக் கூடாது. பொருந்திக்கிட்டேன்னு சொல்லணும்."

"பொருந்திக்கிட்டேன்." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதான் என்னைப் பொருந்திக்கிடணும் ஜுலைகா. நீ கேட்டப்பல்லாம் நான் தள்ளித் தள்ளிப் போட்டேன். உன் கால் நல்லா இருந்தப்ப, உன் புத்தி தெளிவா இருந்தப்ப கூட்டிட்டுப் போகல. என் சௌகரியத்தப் பார்த்தேன். அதை நீ பொருந்திக்கிட்டாத்தான் எனக்கு..."

அறுபத்தேழு வயது மனுஷன் தொழுகைப் பாயில் குனிந்து விம்மினார்.

ஜுலைகா பதறிப்போய் முக்காட்டு நுனியால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"இதுக்கா அழுறீங்க? பொருந்திக்கிட்டேன், பொருந்திக்கிட்டேன். அதான் இப்பக் கூட்டிட்டுப் போறீங்களே?"

அப்படியானால் இந்த மன்னிப்பும் செல்லாது. கூட்டிக்கொண்டு போகிறார் என்று நம்பிக் கொடுத்த மன்னிப்பு. அவர் அதை வாங்கவும் முடியாமல் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு வழியாகக் கையை நீட்டி, அவளுடைய சட்டைக் கையை மேலே ஒதுக்கினார். பிளாஸ்திரியின் ஒரு ஓரம் லேசாக எழும்பியிருந்தது. விரல் நுனியால் அதைப் பிடித்தார்.

ஜுலைகாவின் உள்ளங்கை சட்டென்று வந்து அதை மூடிக்கொண்டது.

"எடுத்துடாதீங்க."

"ஆறிப்போச்சும்மா."

"ஆறட்டும். இருக்கட்டும்." அவரை நேராகப் பார்த்தாள். பல மாதங்களாக அவள் கண்ணில் இல்லாத தெளிவு இருந்தது. "இது போயிட்டா எனக்கு மறந்துடுங்க. எனக்குத் தெரியும். நீங்க தினம் புதுசா ஒட்டுறதும் தெரியும்."

பதுருதீனின் விரல் அப்படியே நின்றுவிட்டது. எழும்பியிருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, திரும்ப ஒட்டிவிட்டார்.

பக்கத்தில் கிடந்த போன் அடித்தது. ஹஜ் குரூப் லீடர்.

"எடுங்க," என்றாள் ஜுலைகா ஆவலோடு. "நாள் சொல்லத்தான் கூப்பிடுறாங்கபோல."

எடுத்துக் காதில் வைத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் அங்கிள். உங்க லெட்டர் மட்டும்தான் வந்திருக்கு. ஆன்ட்டி லெட்டர் வருமா, வராதா? வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வெயிட்டிங் லிஸ்ட்ல ஒருத்தங்க இருக்காங்க. நீங்க எப்படியும் வர்றீங்கதானே அங்கிள்? ஹலோ? அங்கிள்?"

பதுருதீன் வாயைத் திறந்தார். ஜுலைகா ஒரு கையால் தோளை மூடிக்கொண்டு, என்றைக்குப் புறப்பாடு என்று தெரிந்துகொள்ள அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.